புத்தகம் படிப்பதில் அப்படி என்ன சுகம்? எனக்கு மட்டும் ஏன் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வருகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள், வயது 43. பேருந்தில் கூட வரும் நண்பர் கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் புத்தகத்தில் மூழ்கிவிடுகிறார். இறங்கும் இடம் வந்தால் நீங்கள்தான் தட்டிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவரே தேர்ந்து கொடுத்த தடித்த சரித்திர நாவலை இரவு படுக்கையில் எடுத்தால் உங்களுக்கு இரண்டாம் பக்கத்திலேயே கண் சொக்குகிறது. நான்காம் வகுப்புப் படிக்கும் மகளும் பாடப்புத்தகம் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. "இதில் அப்படி என்ன சுகம் இருக்கிறது?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அவருக்குக் கிடைக்கிற ஒன்று எனக்கு ஏன் கிடைக்கவில்லை, என்னிடம் ஏதாவது குறையா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். சுகம் எதில் இருக்கிறது என்பதும் அந்தப் பதிலுக்குள்ளேயே வந்துவிடும்.

நூலகப் பணியிலும், பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கு வாசிக்கப் பழக்கும் வகுப்புகளிலும் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. படிப்பதில் வரும் இன்பத்தைப் பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. எழுத்தைக் கூட்டி, சொல்லைப் பிரித்து, பொருள் கொள்ளும் வேலை தானாக நடக்கத் தொடங்கிய பிறகு மனதில் மிச்சப்படுகிற கவனம் இருக்கிறதே, அதில்தான் அந்த இன்பம் பிறக்கிறது. அந்த மிச்சம் இல்லாதவருக்கு எவ்வளவு நல்ல புத்தகத்தைக் கொடுத்தாலும் வேலையாகத்தான் தெரியும். உங்கள் நண்பருக்கு அந்த மிச்சம் இருக்கிறது. உங்களுக்கு, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்தப் புத்தகத்தில், அந்த வேளையில், அந்தக் கண்ணோடு அது இல்லை. மூன்றையும் மாற்ற முடியும்.

முதலில் கண் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டே போவதாக நமக்குத் தோன்றும், அப்படி இல்லை. தாவித் தாவிப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே பாரிஸில் கண் மருத்துவர் எமில் ழவாலின் ஆய்வகத்தில் இதைக் கவனித்துவிட்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் கண் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குக் குதிக்கும். நிற்கும்போது மட்டும்தான் எழுத்து உள்ளே போகிறது. பழகிய வாசகரின் கண்ணும் பத்துக்கு ஒரு முறையாவது பின்னால் திரும்பி, விட்டதைப் பார்க்கும். பழகாதவருக்கு இந்த நிற்றல் நீளும், தாவல் குறுகும், பின்னால் திரும்புவது கூடும். வரியின் முடிவுக்கு வருவதற்குள் ஆரம்பம் மனதிலிருந்து நழுவிவிடும்.

மூளையில் வாசிப்பதற்கென்று பிறக்கும்போதே அமைந்த பகுதி கிடையாது. எழுத்து தோன்றியே சுமார் 5,000 ஆண்டுதான் ஆகிறது. அதற்கென ஓர் உறுப்பு உருவாக அது போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டு, இடது பக்கம் பின்புறம் அடியில், எழுத்துக்காகப் பழகிக்கொள்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் படித்தவர்களோடு, பெரியவர்களான பிறகு எழுத்துக் கற்றவர்களிடமும் இந்த மாற்றத்தைப் பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகே ஒரு கிராமத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. அதிலும் மூளையின் இயக்கத்தில் மாற்றம் தெரிந்தது. ஆகவே 43 வயதில் காலம் கடந்துவிட்டது என்று நினைக்க இடமே இல்லை.

தமிழ் வாசகருக்குக் கூடுதலாக இரண்டு சுமைகள் உண்டு. இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு. ஒன்று, நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு. "வந்துக்கிட்டிருந்தாரு" என்று நாள் முழுக்கக் காதில் விழுகிறது. பக்கத்தில் "வந்துகொண்டிருந்தார்" என்று இருக்கிறது. படிக்கப் படிக்கத்தான் எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகும். பள்ளிக்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டு செய்தித் தலைப்பும் வாட்ஸ்அப்பும் மட்டும் படித்தவருக்கு அந்தப் பழக்கம் தேய்ந்திருக்கும். இன்னொன்று, நம் வாக்கியத்தில் முற்று வினை கடைசியில்தான் வரும். "அவன் எழுந்து, முகம் கழுவி, சட்டையை மாட்டி, வாசலில் நின்றிருந்த அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல்" என்று எச்சம் எச்சமாக அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் அவன் என்ன செய்தான் என்று தெரியும்வரை அத்தனையையும் மனதில் தாங்க வேண்டும். பழகியவருக்கு இந்தத் தாங்கலே ஒரு சுவை. பழகாதவருக்கு நாலாவது எச்சத்தில் மூச்சு வாங்கும். சரித்திர நாவல்களில் இப்படிப்பட்ட நீண்ட வாக்கியங்களும், வழக்கொழிந்த சொற்களும், ஒன்றுபோல ஒலிக்கும் அரசர் பெயர்களும் சேர்ந்து வரும். உங்கள் நண்பர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், ஆனால் தொடங்குகிறவருக்கு அது மிகக் கடினமான வகை.

இப்போது சுகம் எங்கே இருக்கிறது என்பதற்கு வருவோம். ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "மழை விட்டு வெகுநேரம் ஆகியும் அவள் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலைய வாசலில் குடையை விரித்தபடியே நின்றிருந்தாள்." இதில் நடப்பது ஒன்றுமில்லை, ஒருத்தி நிற்கிறாள், அவ்வளவுதான். ஆனால் படித்தவுடன் உங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்கும். மழைதான் விட்டுவிட்டதே, குடை ஏன் இன்னும் விரிந்திருக்கிறது? யாரிடமிருந்தாவது முகத்தை மறைக்கிறாளா? மழை விட்டதே தெரியாத அளவுக்கு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கிறாளா? நீங்களே இரண்டு மூன்று பதில்களை உண்டாக்கிவிட்டீர்கள், எழுதியவர் எதையும் சொல்லவில்லை. அடுத்த வரி உங்கள் ஊகத்தை உறுதி செய்யலாம், கவிழ்க்கலாம், தள்ளிப்போடலாம். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஆவலைத் தூண்டுகிறது என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதினார். கதை படிக்கிறவர் பக்கத்துக்குப் பக்கம் இப்படி நூற்றுக்கணக்கான சின்ன இடைவெளிகளைத் திறந்து மூடிக்கொண்டே போகிறார். எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் செலவாகிறவருக்கு அந்தக் குடை கண்ணில் படாது. அதுதான் உங்களுக்கும் நண்பருக்கும் உள்ள வேறுபாடு.

இதே வாக்கியத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த நிலைய வாசல் உங்களுக்குத் தெரியும். ஆட்டோ எங்கே நிற்கும், ஈரத் தரை எப்படி இருக்கும் என்று நீங்களே இட்டு நிரப்பிக்கொள்கிறீர்கள். மதுரைக்காரர் வேறு எதையோ வைத்து நிரப்புவார். பாதி வேலை வாசகருடையது, அதனால் வரும் படமும் அவருக்கே சொந்தமானது. சினிமாவில் அந்தப் பெண்ணின் முகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் படம் மனதில் விரிவதுதான் வாசிப்பின் இன்பம் என்று சிலர் அடித்துச் சொல்வதை ஏற்க முடியாது. மனக்கண்ணில் எதுவுமே தெரியாத மனிதர்கள் உண்டு. ஆடம் சீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015இல் அந்த நிலைக்கு ஒரு பெயரே வைத்தார். அவர்களிலும் ஆசையாகக் கதை படிப்பவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு ஒலி, அதாவது வாக்கியத்தின் நடை உள்ளே கேட்பது. சிலருக்குப் பாத்திரத்தின் எண்ணம். இன்னொருவர் மனதுக்குள் ஓடுவதை நேராகக் கேட்கக் கூடிய வசதி எழுத்தில் இருக்கிற அளவுக்கு வேறு கலையில் இல்லை. திரையில் முகத்தைப் பார்த்து நாம் ஊகிக்கத்தான் முடியும்.

வேகம் நம் கையில் இருப்பது அடுத்தது. தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், இன்பத்துக்காகவே படிக்கும் வழக்கமான வாசகர்களை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள் என்பது. விறுவிறுப்பாக இருந்தால் வேகமாகப் படிப்போம் என்றுதானே நினைப்போம்? பிடித்த இடம் தீர்ந்துவிடக் கூடாதென்று மெல்லப் போகிறார்கள். ஒரு நிமிடத்தில் இத்தனை சொல் என்று வேக வாசிப்பு வகுப்பு நடத்துகிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். கதை மட்டும்தான் இன்பம் என்றும் நினைக்க வேண்டாம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருப்பவர் மரத்தைத் துளைக்கும் புழுவைப் பற்றி ஒரு கையேட்டைப் பத்து முறை படிப்பதிலும் அதே இடைவெளி, அதே நிறைவு இருக்கிறது.

வாசிப்பைப் பற்றி உலவும் செய்திகளில் எதை நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "படித்தால் இது கிடைக்கும்" என்று தொடங்குகிறவர்கள்தான் சீக்கிரம் விடுகிறார்கள். ஆறு நிமிடம் படித்தால் மன அழுத்தம் 68 சதவீதம் குறையும் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். அதன் மூலம் 2009இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு சிறு சோதனை. முறையான ஆய்விதழில் வந்து பிறரால் சரிபார்க்கப்பட்டதல்ல. படித்தால் மனம் அமைதியாகிறது என்று பலர் சொல்வது உண்மை, அந்த எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். இலக்கியக் கதை படித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் உடனே கூடுகிறது என்று 2013இல் ஒரு ஆய்வு பெரும் பரபரப்பை உண்டாக்கியது; 2016இலும் 2018இலும் மற்றவர்கள் அதையே திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்காகப் படிப்பவர்களுக்கும் அந்தத் திறனுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது, ஆனால் படித்ததால் வந்ததா, அந்த இயல்பு உள்ளவர்கள் படிக்கிறார்களா என்பது தீரவில்லை. புத்தகம் படிப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்பதும் அப்படித்தான். 2016இல் வந்த அமெரிக்க ஆய்வு 50 வயது தாண்டிய 3,635 பேரை 12 ஆண்டு தொடர்ந்து பார்த்து, புத்தகம் படிப்பவர்களிடம் இறப்பு அபாயம் சுமார் 20 சதவீதம் குறைவு என்றது. வசதி, கல்வி, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்தாலும், இப்படிப் பார்த்துப் பதிவு செய்யும் ஆய்வைக் கொண்டு காரணம் இதுதான் என்று அறுதியிட முடியாது.

உறுதியாகச் சொல்லக் கூடியவை வேறு. படிக்கிறவர் மேலும் படிக்கிறார், படிக்காதவர் பின்தங்கிக்கொண்டே போகிறார் என்பதை உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் தெளிவாக எழுதினார். படிப்பதால் சொல்வளம் கூடுகிறது, சொல்வளம் கூடினால் படிப்பது எளிதாகிறது. முன்னறிவு இருந்தால் புரிதல் கூடும் என்பதும் உறுதி. 1988இல் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் ஆனால் ஆட்டம் தெரியாதவர்கள் ஒரு பக்கம், தட்டுத் தடுமாறி வாசிப்பவர்கள் ஆனால் ஆட்டம் நன்கு தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். படித்ததைத் திரும்பச் சொல்வதில் முந்தியது ஆட்டம் தெரிந்த கூட்டம்தான். உங்கள் தொழில் என்னவென்று நீங்கள் எழுதவில்லை; எதுவானாலும், உங்கள் முதல் புத்தகம் அதைச் சுற்றியோ, உங்களுக்கு ஏற்கனவே பைத்தியம் உள்ள ஒன்றைச் சுற்றியோ இருக்கட்டும். கிரிக்கெட், மீன்பிடி, கோயில் சிற்பம், சினிமாக்காரர் வாழ்க்கை, எதுவும் தாழ்ந்ததல்ல.

சரி, செய்முறைக்கு வருகிறேன். முதல் வேலை கண் பரிசோதனை, இதைத் தள்ளிப்போட வேண்டாம். 40 வயதை ஒட்டி எல்லோருக்கும் கண்ணின் வில்லை இறுகி, கிட்டத்தில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைகிறது. தூரப் பார்வை நன்றாகவே இருக்கும், அதனால் தெரியாது. படிக்கும்போது புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறீர்களா, மாலை வெளிச்சத்தில் எழுத்து கலங்குகிறதா, கால் மணி நேரத்தில் நெற்றி கனக்கிறதா? அப்படியானால் "தூக்கம்" என்று நீங்கள் நினைப்பதில் பாதி கண் களைப்பாக இருக்கலாம். இந்த வயதில் பெரும்பாலும் +1 அல்லது +1.5 அளவில் ஒரு படிக்கும் கண்ணாடி போதும். ஆனால் கடையில் மாட்டிப் பார்த்து வாங்காமல் பரிசோதித்து வாங்குங்கள். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருக்காது, கண் அழுத்தமும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். நீங்கள் தினமும் போகும் கடலூர் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

அடுத்தது பத்து நிமிடச் சோதனை. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, எளிய உரைநடையில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அடுத்த பக்கத்தை ஒரு நிமிடம் மனதுக்குள் படியுங்கள், மறுபடி கோடு. இரண்டு இடத்திலும் சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் சொன்ன சராசரி, மௌன வாசிப்பு நிமிடத்துக்கு 238 சொல், வாய்விட்டு 183. தமிழ்ச் சொல் உருபுகளை ஒட்டிக்கொண்டு நீளமாக இருப்பதால் இந்த எண்களோடு உங்களை ஒப்பிடக் கூடாது; விகிதத்தை மட்டும் பாருங்கள். மனதுக்குள் படிப்பது தெளிவாகக் கூடுதலாக இருந்தால் எந்திரம் சரியாக ஓடுகிறது, புத்தகத் தேர்வுதான் பிழை. இரண்டும் சமமாக இருந்தால் மௌனமாகப் படிக்கும்போதும் ஒவ்வொரு சொல்லையும் உள்ளே உச்சரித்துக்கொண்டு போகிறீர்கள் என்று பொருள். அதற்கு மருந்து எளிய புத்தகங்களை நிறையப் படிப்பது, வேறு வித்தை எதுவும் வேண்டாம்.

எளிது என்றால் எவ்வளவு எளிது? இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிப்பவர்களிடம் 2000ஆம் ஆண்டில் செய்த ஆய்வில், உதவியில்லாமல் கதை புரிய 100 சொல்லுக்கு 98 தெரிந்திருக்க வேண்டியிருந்தது. தமிழ் நாவலின் ஒரு பக்கத்தில் சுமாராக 200 முதல் 250 சொல் இருக்கும். ஆகவே புத்தகத்தை நடுவில் எங்காவது திறந்து ஒரு முழுப் பக்கம் படியுங்கள். பொருள் தெரியாத சொல் நாலைந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். முதல் பக்கத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், அதை எல்லா எழுத்தாளரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். எழுத்தின் அளவையும் பாருங்கள். தமிழில் மேலே கீழே குறிகள் வருவதால் 11 பாயிண்டுக்குக் கீழே, வரி இடைவெளி இல்லாமல் நெருக்கி அச்சிட்ட மலிவுப் பதிப்பு கண்ணைக் கொல்லும். புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கினால் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978இல். அதற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, ணா, றா போன்றவை ஒட்டிய பழைய வடிவத்தில் இருக்கும். பத்துப் பக்கத்தில் பழகிவிடும்தான், ஆனால் தொடக்கத்தில் எதற்கு?

வகையைப் பொறுத்தவரை சிறுகதைத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு கதை எட்டுப் பக்கம், பதினைந்து பக்கம். ஓர் உட்காரலில் முடியும். முடித்தோம் என்ற நிறைவுதான் நாளை மறுபடி எடுக்க வைப்பது. தொகுப்பை வரிசையாகப் படிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வட்டார வழக்கில் எழுதிய கதைகள் எல்லோருக்கும் எளிது என்பது தவறான எண்ணம். கடலூர்க்காரருக்கு நம் பக்கத்துப் பேச்சு காதில் விழும், ஆனால் கரிசல் வழக்கும் நாஞ்சில் வழக்கும் முதலில் தடுக்கும், பிறகு சொந்தமாகிவிடும். நாவலுக்குப் போகும்போது முதல் இருபது பக்கத்துக்குத் தயாராக இருங்கள். ஆட்கள் யார், உறவு என்ன, ஊர் எது என்று எல்லாமே புதிதாக மனதில் ஏற்ற வேண்டியிருப்பதால் அந்தப் பகுதி எப்போதும் கனமாக இருக்கும். தேவனாம்பட்டினத்தில் படகு இறக்குகிறவர்களுக்குக் கரையோரம் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் பாடு, அது போலத்தான் இதுவும். அந்த இருபது பக்கத்தை இரண்டு இரவாகப் பிரித்துப் படித்தால் இரண்டாம் இரவு எல்லாம் மறந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மூச்சில் தாண்டிவிடுங்கள். அடையாளச் சீட்டாக வைக்கும் தாளிலேயே பெயர்களையும் உறவையும் குறித்துக்கொள்ளுங்கள், முப்பதாம் பக்கத்துக்கு மேல் அது தேவைப்படாது. ஐம்பது பக்கம் வரை போயும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். எடுத்ததை முடித்தே ஆக வேண்டும் என்பது தேர்வுக்குப் படித்த பழக்கம். பிடிக்காத ஒரே புத்தகத்தில் மூன்று மாதம் சிக்கிக்கொண்டு படிப்பையே விட்டவர்கள் ஏராளம்.

இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. உறுப்பினராகி ஒரு தடவைக்கு இரண்டு மூன்று எடுத்து வாருங்கள், ஒன்று தேறினால் போதும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று ஒன்று உண்டு. நூலகரிடம் "நல்ல புத்தகம் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். "இந்த சினிமா பிடித்தது, இந்த விஷயம் பிடிக்கும், சின்னதாக வேண்டும்" என்று கேளுங்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் வாங்கும் முன் நின்றுகொண்டே நடுப்பக்கச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

நேரமும் இடமும் அடுத்து. படுக்கையில், படுத்தபடி, நாள் முழுக்க உழைத்த பிறகு, தலைக்கு மேலே ஒரு மங்கல் விளக்கில் படித்தால் யாருக்கும் தூக்கம் வரும். தூங்குவதற்கென்றே அப்படிப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாற்காலியில் உட்காருங்கள், வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின் மேல் விழட்டும், புத்தகம் கண்ணிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி இருக்கட்டும். இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் ஒரே வேளையில். காலையில் காபியோடு என்றால் இன்னும் நல்லது. கைபேசி வேறு அறையில். புத்தகமாகவா, திரையிலா என்றால், 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கணக்கு, தகவல் சார்ந்த நூல்களுக்குக் காகிதத்தில் புரிதல் சற்றுக் கூடுதல், கதைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது. கைபேசியில் சிக்கல், நடுவில் வந்து குதிக்கும் அறிவிப்புகள்தான்.

நண்பரைப் பார்த்துப் பேருந்தில் முயல வேண்டாம். கண் அசையாத பக்கத்தைப் பார்க்க, உள்காது வண்டியின் குலுக்கலை உணர, இரண்டும் முரண்பட்டுச் சிலருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். அது உடம்பு வாகு. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒலிப் புத்தகம் கேளுங்கள். கேட்பதும் படிப்பதும் புரிதலில் ஏறக்குறைய சமம் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. நமக்கு இன்னொரு லாபம், எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகிவிடும். பேருந்தில் ஒரு கதையைக் கேட்டுவிட்டு அதே கதையை வீட்டில் படித்துப் பாருங்கள். முடிவு தெரிந்த பிறகும் நன்றாக இருக்கும், கண்ணும் தடையில்லாமல் ஓடும். வகுப்புகளில் நன்றாகப் பலன் தரும் முறைகளில் இது ஒன்று.

மகளைப் பற்றி. பத்துப் பக்கம் படித்தால் சாக்லேட் என்று தொடங்காதீர்கள். 1973இல் மழலையர் பள்ளியில் ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு பரிசு இல்லாத வேளையில் அவர்கள் வரைவதே குறைந்துபோனது. ஓவியத்துக்குக் கண்டது வாசிப்புக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை, ஆனால் பரிசு நின்றதும் புத்தகம் மூடப்படுவதைப் பள்ளிகளில் பார்க்கிறோம். இரவில் கால் மணி நேரம் நீங்கள் அவளுக்கு வாய்விட்டுப் படியுங்கள், உங்களுக்கும் பயிற்சி. அவள் வயதில் படிக்கத் தெரியும் என்பதால் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் தவறு. தானாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் அந்த வயதில் இன்னும் மேலே இருக்கும். முடிந்ததும் "கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி கதையைப் பாடமாக்கிவிடும். படக்கதை, விடுகதை, அதே புத்தகத்தை ஏழாவது முறை, எதைக் கேட்டாலும் கொடுங்கள்.

இத்தனையும் எழுதினாலும், பக்கத்தை நேரில் பார்க்காமல் சொல்லக் கூடியதற்கு எல்லை உண்டு. கண்ணாடி போட்டும் எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் கண் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். மகள் பேச்சில் கெட்டிக்காரியாக இருந்து, நான்காம் வகுப்பிலும் தெரிந்த சொற்களையே எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தால், வரி தவறிப் போய்க்கொண்டே இருந்தால், சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். அது டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிக்கலாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, தனிப் பயிற்சி உண்டு, சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிட்டு, குழந்தை மருத்துவர் வழியாகப் பயிற்சி பெற்றவரிடம் சோதித்துப் பாருங்கள். இணையத்தில் ஒரு பட்டியலைப் பார்த்து நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், நானும் இங்கிருந்து சொல்ல மாட்டேன். உங்களைப் பொறுத்தவரை, கண்ணாடி, நாற்காலி, ஒரு சிறுகதைத் தொகுப்பு, தினம் இருபது நிமிடம் என்று ஆறு வாரம் போன பிறகு அந்த ஒரு நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பின்னூட்டத்தில் எழுதினால், நண்பரின் சரித்திர நாவலை எப்போது திரும்ப எடுக்கலாம் என்று சொல்ல முடியும்.